கைதடியில் ஐந்து வருடம்: மகளுக்கு ஒரு கடிதம்

கிளிநொச்சி

அன்புள்ள மகள்,

கைதடியில் இருந்த வடமாகாண சபையில் விக்னேஸ்வரன் முதலமைச்சராக இருந்த ஐந்து வருடத்தைப் (2013–2018) பற்றி நீ அனுப்பின கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் பக்கத்தில் "விக்னேஸ்வரன் ஒன்றும் செய்யவில்லை" என்கிறாய். கடைசிப் பக்கத்தில் "எங்களுக்காக நிமிர்ந்து கதைத்த ஒரே ஆள்" என்கிறாய். இங்கே தேநீர்க் கடையில் இரண்டையும் ஒரே வாயிலிருந்து ஒரே காலையில் கேட்கலாம், அது பிழையில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிற கட்டுரையில் இரண்டுக்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்று காட்ட வேண்டும். நீ அதைத் தாண்டிப் பாய்ந்திருக்கிறாய்.

முதலில் ஒரு சொல்லைத் திருத்து. ஏழு இடத்தில் "மாநில முதல்வர்" என்று எழுதியிருக்கிறாய். நாங்கள் இருப்பது மாநிலத்தில் இல்லை, மாகாணத்தில். சொல்லைப் பிழையாய்ப் போட்டால் அளவுகோலும் பிழைத்துவிடும். அதனால்தான் உன்னால் காமராஜரை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்த முடிந்தது. காமராஜர் 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தை ஆண்டார். பொலிஸ் அவரிடம், காணி அவரிடம், அரச ஊழியர் அவரிடம், ஆளுநர் கையெழுத்துப் போடுகிறவர். வடமாகாண முதலமைச்சருக்கு இதில் எது இருந்தது? காமராஜரை வைத்துக்கொள்ள விரும்பினால் ஒரே ஒரு விஷயத்துக்கு வை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது கட்டுரையின் அத்திவாரம். ஒரு தலைவரை நிறுக்க முன்னம் அவருக்கு எத்தனை கதவு, எது பூட்டினது, எது திறந்தது என்று எண்ண வேண்டும். பூட்டின கதவுக்காக ஆளைக் குறை சொல்லக்கூடாது. திறந்த கதவுக்குள் போகாததை, பூட்டின கதவைக் காட்டி மன்னிக்கவும் கூடாது.

பூட்டுக்களை நீயே சட்டத்தில் வாசி. மாகாண சபைகளை உருவாக்கின, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் போதும். ஒரு நியதிச்சட்டம், அதாவது மாகாண சபை ஆக்குகிற சட்டம், போகிற வழியைப் பார். அமைச்சு வரைகிறது, அமைச்சர் வாரியம் பார்க்கிறது, சபைக்கு வருகிறது, நிறைவேறினால் ஆளுநரிடம் போகிறது. ஆனால் வரி விதிப்பது, நிதியத்திலிருந்து செலவழிப்பது போல காசைத் தொடுகிற எதுவானாலும் ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபைக்குள் கொண்டுவரவே முடியாது. அது மாகாண சபைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவு. முதலாவது பூட்டு அதுதான், வாசலிலேயே தொங்குகிறது. நிறைவேறின பிறகு ஆளுநர் திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால், உயர் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும்படி ஜனாதிபதிக்கு அனுப்பலாம். முதலமைச்சர் நிதியத்துக்கான வரைவு தொடக்கத்திலேயே எழுதப்பட்டும் ஏன் இழுபட்டது என்று கேட்டாயே, இந்த வழியில்தான் இழுபட்டது. புலம்பெயர்ந்த எங்கள் சனம் காசு அனுப்ப ஆயத்தமாக நின்றும் அதைப் போட ஒரு பெட்டி கிடைக்கவில்லை என்பது சின்ன விஷயமில்லை.

அடுத்தது ஆட்கள். மாகாண அரச சேவையின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் ஆளுநரிடம். அவர் அதை மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவிடம் கையளிக்கலாம், அந்த ஆணைக்குழுவை நியமிப்பதும் அவர்தான். பிரதம செயலாளரை ஜனாதிபதி நியமிக்கிறார், முதலமைச்சரின் இணக்கத்தோடு. ஆக, மக்கள் தெரிவுசெய்த ஆள் ஒரு எழுதுவினைஞரைக்கூட நேரடியாக மாற்ற முடியாது. 2015 ஜனவரி வரை ஆளுநர் மேஜர் ஜெனரல் சந்திரசிறி. போர் முடிந்து நாலைந்து வருடத்தில், சனம் தெரிவுசெய்த சபைக்கு மேலே ஒரு முன்னாள் படை அதிகாரி. அந்தக் காலத்தை எழுதும்போது இந்த வரியை மறந்துவிடாதே.

காணிக்கு ஒரு தேதி சொல்கிறேன், உன் கட்டுரையில் இல்லை. தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21. ஐந்து நாள் கழித்து, செப்டெம்பர் 26இல், அரச காணி மீதான அதிகாரம் மாகாண சபைக்கு இல்லை, மத்திக்கே உரியது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலமைச்சர் சத்தியப்பிரமாணம் எடுக்க முன்னமே காணி கையை விட்டுப் போய்விட்டது. வன்னியில் ஆட்சி என்றால் பாதி காணிதானே: அரச காணி உத்தரவுப் பத்திரம், படைமுகாமுக்குள் கிடக்கிற வளவு, வன இலாகா போட்ட எல்லைக்கல்.

சரி, பூட்டுக்கள் போதும். பூட்டைப் பற்றி எழுதினவர்கள் நிறைய. திறந்த கதவைப் பற்றி எழுதினவர்கள் குறைவு.

வேலையை வன்னியின் நிலத்தில் வைத்துப் பார். ஒரே ஊரில் மூன்று குளம் இருந்தால் மூன்றுக்கும் மூன்று முதலாளி இருக்கலாம். இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது. மன்னாரில் கட்டுக்கரை மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது, ஏனென்றால் அதற்கு நீர் தருகிற ஆறு வேறு மாகாணத்திலிருந்து வருகிறது. 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்கிற சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, அதுவும் மத்திதான். வீதியும் அப்படியே: ஏ, பி வீதிகள் மத்திக்கு, சி, டி வீதிகள் மாகாணத்துக்கு, ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. நீ எந்தக் குறையைக் கட்டுரையில் போட்டாலும் முதலில் "இது யாருடையது" என்று ஓரத்தில் பென்சிலால் எழுது. நீ போட்ட பதினொரு குறையில் நாலு, மாகாண சபைக்குச் சம்பந்தமே இல்லாதவை.

"காசைத் திருப்பி அனுப்பினார்" என்று எழுதியிருக்கிறாய். இது அவரைப் பற்றி இங்கே அதிகம் அடிபட்ட பேச்சு. இதற்கு மூன்று எண் வேண்டும். நீ ஒன்றைத்தான் பார்த்திருக்கிறாய். ஒதுக்கீடு என்பது வரவுசெலவுப் புத்தகத்தில் அச்சடித்த தொகை. விடுவிப்பு என்பது அந்த வருடத்துக்குள் திறைசேரி உண்மையாக அனுப்பினது. செலவு மூன்றாவது. ஒதுக்கீட்டுக்கும் செலவுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் குற்றம் கொழும்பிலும் இருக்கலாம், இங்கேயும் இருக்கலாம். விடுவிப்புக்கும் செலவுக்கும் இடைவெளி இருந்தால் மட்டும்தான் மாகாணத்தைக் கேட்கலாம். அப்போதும் எந்த மாதத்தில் விடுவித்தார்கள் என்று பார். குளக்கட்டில் மண்வேலை செய்ய எங்களுக்குக் கிடைப்பது சிறுபோகம் (வெயில்காலப் போகம்) அறுத்து நீர் இறங்கின பிறகு, ஒக்டோபர் மழைக்கு முன்னம் உள்ள சில கிழமைகள். கிரவல் வீதிக்கு மே தொடக்கம் செப்டெம்பர் வரை. நவம்பரில் காசு வந்தால் ஒப்பந்தக்காரர் சேற்றுக்குள் கிரவல் கொட்டுவார், தையில் அது வாய்க்காலில் கிடக்கும். மனச்சாட்சியுள்ள பொறியியலாளர் வேலையை நிறுத்துவார். உடனே பத்திரிகையில் "காசு திரும்பியது". ஆகவே வருடக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதாதே.

இனி அவருடைய போக்கு. அவர் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து 2004இல் ஓய்வுபெற்றவர். அரசியலுக்கு வந்தது 2013இல், 73 வயதில். கட்சி வேலை, வட்டாரக் கூட்டம், ஆட்களைச் சமாளிப்பது எதிலும் பழக்கமில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 132,255 விருப்பு வாக்கு. அவர் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனம். இப்படியொரு பலத்தோடு தொடங்கின சபை அது. ஆனால் நாற்காலி மாறினாலும் மனிதர் நீதிபதியாகவே இருந்தார் என்பதுதான் என் எண்ணம். நீதிபதி இரு பக்கமும் கேட்பார், காரணத்தோடு எழுதுவார், வாசிப்பார், எழும்பிப் போவார். அவருடைய உரைகளை எடுத்துப் பார். எழுதிக் கொண்டுவந்து வாசித்தவை, தர்க்கம் ஒழுங்கானது, மேற்கோள் சுத்தமானது. முதலமைச்சரின் வேலையோ வாசித்து முடிந்த பிறகுதான் தொடங்குகிறது.

இதற்கு வவுனியாப் பொருளாதார மத்திய நிலையத்தை (விளைபொருள் மொத்தச் சந்தையை) விட நல்ல உதாரணம் கிடையாது. நீ ஒரு வரியில் கடந்துவிட்டாய், ஒரு முழுப் பக்கம் கொடு. 2016இல் மத்தி காசு தரத் தயார், இடம்தான் வேண்டும். தாண்டிக்குளமா ஓமந்தையா என்று பிரச்சினை எழும்பியது. தாண்டிக்குளம் நகரோடு ஒட்டினது, வியாபாரிக்கு வசதி, ஆனால் கேட்ட காணி விவசாயப் பண்ணைக்குரியது. ஓமந்தை வடக்கே, ஏ9 கரையில், இடம் தாராளம், முல்லைத்தீவு கிளிநொச்சிக் கமக்காரருக்குக் கிட்ட. ஆனால் நகரத்து வியாபாரி அங்கே போவானா என்ற கேள்வி. முதலமைச்சர் ஓமந்தைப் பக்கம். கருத்துக் கேட்டார், மக்கள் பிரதிநிதிகளிடம் வாக்கும் எடுத்தார், காரணம் எழுதினார். எழுதினதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மற்றப் பக்கத்தில் நின்றவர்களும் அவருடைய கூட்டணியே. அவர்களை இரவில் கூப்பிட்டு இருத்தி, இதை விட்டுத்தா, அதை உனக்குத் தருகிறேன் என்று முடிக்கிற வேலை நடக்கவில்லை. கடைசியில் இரண்டு இடமுமில்லாமல் மதவுவைத்தகுளத்தில் கட்டடம் எழும்பியது. எழும்பியும் வருடக் கணக்கில் பூட்டிக் கிடந்தது. இதில் ஆளுநர் தடுத்தார் என்று சொல்ல வழியில்லை. இது திறந்த கதவு.

இரணைமடு வேறு மாதிரி. யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோக ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்த திட்டம். காலபோகத்தில் (மழைக்காலப் போகத்தில்) இருபதினாயிரம் ஏக்கர் மட்டில் பாய்கிற குளம், சிறுபோகத்தில் தேங்கினதுக்கு ஏற்பச் சுருங்கிவிடும். போகக் கூட்டத்தில் ஆளுக்கு எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் இன்னொரு பங்காளி வந்தால் முதலில் வெட்டுப்படுவது சிறுபோகம். கமக்காரர் எதிர்த்தார்கள், மாகாண சபையும் அந்தத் திட்டத்துக்கு அப்படியே உடன்படவில்லை. யாழ்ப்பாணத்து வாக்கில் வந்த முதலமைச்சருக்கு இது லேசான விஷயமில்லை. அங்கே கிணறுகள் கெட்டுக்கொண்டிருந்த காலம். கடைசியில் திட்டம் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிப்பதாக மாறி, 2024இல் திறக்கப்பட்டது: நாளுக்கு 24,000 கன மீற்றர். "அபிவிருத்தியைத் தடுத்தார்" என்ற பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறாயே, இரணைமடுத் தண்ணீரில் விதைக்கிற வட்டக்கச்சியில் யாரையாவது கேட்டிருந்தால் சேர்த்திருக்க மாட்டாய்.

65,000 உருக்கு வீட்டுத் திட்டமும் அந்தப் பக்கத்துக்குத்தான் வரும். ஒரு வீடு 21 இலட்சம் மட்டில் என்றார்கள். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது ஐந்தரை இலட்சம். அதோடு தங்கள் உழைப்பையும் போட்டுக் கல்வீடு கட்டினவர்கள் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டில் எப்படி என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் எதிர்த்தார், கூட்டமைப்பு எம்.பி.மாரும் எதிர்த்தார்கள், திட்டம் ஒழிந்தது. புகழை ஒருவர் தலையில் மட்டும் கட்டாதே.

2015 பெப்ரவரி 10ஆம் தேதித் தீர்மானத்தை நீ சரியாகவே எழுதியிருக்கிறாய். தமிழருக்கு எதிராக நடந்தது இனப்படுகொலை என்று சபை ஏகமனதாக நிறைவேற்றியது. சட்டப்படி அது யாரையும் கட்டாது. ஆனால் தெரிவுசெய்யப்பட்ட ஒரு சபையின் ஹன்சாட்டில் (கூட்டப் பதிவேட்டில்) அது இருக்கிறது, இனி அழியாது. ஜனாதிபதி மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கொழும்போடு நல்லுறவு பேசிக்கொண்டிருந்த கூட்டமைப்புத் தலைமைக்கு அது தொண்டைக்குள் முள். நீதிபதிக் குணம் பொருந்தின இடம் இதுதான். சான்று, காரணம், முடிவு: தீர்ப்பு எழுதுகிற கையால் எழுதினது. ஆனால் அதே சபை ஐந்து வருடத்தில் நிறைவேற்றின தீர்மானங்கள் நூற்றுக்கணக்கில். நியதிச்சட்டங்கள் மிகச் சில. தீர்மானத்துக்கு ஆளுநர் தேவையில்லை, கை உயர்த்தினால் போதும். நியதிச்சட்டத்துக்கு வரைஞர் வேண்டும், செயலாளரோடு இருந்து பேச வேண்டும், திருப்பி வந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். 2015க்குப் பிறகு ஆளுநர் படை ஆள் இல்லை. பாலிஹக்கார, பிறகு ரெஜினோல்ட் குரே. பூட்டு அப்படியே இருந்தாலும் திறப்புக்காரர் மாறியிருந்தார். அந்த மூன்றே முக்கால் வருடத்தில் காசைத் தொடாத எத்தனை வரைவு அனுப்பப்பட்டது, எத்தனை திரும்பியது, எத்தனை மறுபடி போனது? உன் கட்டுரையின் நெஞ்சு அந்தக் கணக்காக இருக்க வேண்டும்.

2017ஐ அவசரப்பட்டு எழுதாதே. அமைச்சர்கள் மீது முறைப்பாடு வந்தது, விசாரணைக்குழு வைத்தார். எங்கள் அரசியலில் சொந்த அமைச்சர்கள் மீது விசாரணை வைப்பது அபூர்வம், அந்தப் புள்ளியைக் கொடு. அறிக்கை வந்ததும் ஜூன் 14இல் இரண்டு அமைச்சர்களை விலகச் சொன்னார். மற்ற இரண்டு பேரை, குற்றம் நிரூபிக்கப்படாவிட்டாலும், ஒரு மாதம் விடுமுறையில் போகச் சொன்னார். அங்கேதான் சறுக்கினது. நிரூபிக்கப்படாதவனுக்கும் தண்டனையா என்று அவருடைய பக்கத்தாரே கேட்டார்கள், அன்றிரவே நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநரிடம் போனது. ஆதரவாக வடக்கில் கடை அடைத்தார்கள், ஊர்வலம் போனார்கள், ஒரு கிழமையளவில் பிரேரணை திரும்பியது. சனம் அவரோடு, உறுப்பினர்களில் பலர் எதிரே. பிறகு ஒரு அமைச்சரை நீக்கினார், அவர் நீதிமன்றம் போனார், 2018 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. அரசியலமைப்பு சொல்வது, முதலமைச்சரின் ஆலோசனைப்படி ஆளுநர் அமைச்சர்களை நியமிக்க வேண்டும் என்று. நீக்குகிற வேலையை முதலமைச்சர் கையில் கொடுக்கவில்லை. சட்டத்தில் கரைகண்டவர் சட்டத்தில் தடுக்கின இடம். முதலமைச்சரைத் தவிர நாலு பேருக்கு மேல் அமைச்சராக இருக்கவும் முடியாது. அதனால் யார் உள்ளே யார் வெளியே என்று தெரியாமல் கடைசி மாதங்கள் வாரியம் கூடாமலே போயின.

காமராஜரை இங்கே கொண்டு வா. 1954இல் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குத் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே அமைச்சராக்கி, நிதியும் கல்வியும் கொடுத்தார். எட்டே பேர் கொண்ட அமைச்சரவை. எதிர்த்தவனைப் பக்கத்தில் இருத்தினால் அவன் வெளியே போய் ஆள் சேர்க்க மாட்டான் என்ற கணக்கு அது. எங்கள் முதலமைச்சர் நிதி, திட்டமிடல், காணி, உள்ளூராட்சி, வீடமைப்பு என்று ஒரு கட்டு அமைச்சுக்களைத் தன்னிடமே வைத்திருந்தார். அதற்கு ஆளுநரைக் குற்றம் சொல்ல முடியாது.

வன்னிக்காரர்கள் சொல்கிற, யாழ்ப்பாணத்தார் எழுதாத குறையொன்றும் உண்டு. தெரிவாகிற 36 பேரில் யாழ்ப்பாணத்துக்கு 16. கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா நாலுக்கும் சேர்த்து 20. ஆனால் சபை கைதடியில். வவுனியாவிலிருந்து ஒரு ஆள் கடிதம் கொடுக்க நூற்றிருபது கிலோமீற்றருக்கு மேல் பஸ் ஏற வேண்டும். மாங்குளத்தை மாகாணத்தின் மையமாக்குகிற பேச்சு பழையது. பேச்சாகவே இருந்தது.

எச்சம் என்ன என்று கேட்டால், இதில் என் பக்கச்சாய்வையும் கணக்கெடுத்துக்கொள். 2015 டிசம்பரில் தமிழ் மக்கள் பேரவை என்ற அமைப்பு, 2016 செப்டெம்பரில் எழுக தமிழ் பேரணி, 2018 ஒக்டோபர் 24இல், சபையின் ஆயுள் முடிந்த அன்றே, தமிழ் மக்கள் கூட்டணி என்ற அவருடைய சொந்தக் கட்சி, 2020இல் பாராளுமன்றம். 30 பேரோடு தொடங்கின ஒற்றுமை சில்லம் பல்லமாகி முடிந்தது. அதற்கு அவர் மட்டும் காரணமில்லை. கூட்டமைப்புத் தலைமை, ஒரு நீதியரசரின் பெயரை வாக்குக்கு வைத்துக்கொண்டு, ஆட்சியைத் தாங்கள் நடத்தலாம் என்று நினைத்தது. மற்றப் பக்கத்தில், 13ஆம் திருத்தத்தில் என்ன இல்லை என்பதை ஐந்து வருடக் கடிதங்களாலும் உரைகளாலும் வழக்குகளாலும் எழுத்தில் வைத்தது அந்தச் சபைதான். இனி யாராவது வந்து "மாகாண சபை போதும்" என்றால் அவர் முன் போட ஒரு கட்டுக் காகிதம் இருக்கிறது. ஆயுள் முடிந்த அந்த நாளுக்குப் பிறகு கைதடியில் சபை கூடவில்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்றது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, ஆகவே தேர்தலும் நடக்கவில்லை. இதை அவருடைய கணக்கில் எழுதாதே.

நான் கேட்ட எண்கள் இணையத்தில் முழுதாகக் கிடைக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (2016, இலக்கம் 12) கேட்க வேண்டும், ஆனால் குடிமக்கள்தான் கேட்கலாம். நீ கனடாக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமையை வைத்துக்கொள்ளவில்லை, ஆகவே என் பெயரில் போடுகிறேன். ஒரு விண்ணப்பம் பிரதம செயலாளர் அலுவலகத்துத் தகவல் அலுவலருக்கு: 2014 முதல் 2018 வரை வருடவாரியாக ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு, ஒவ்வொரு விடுவிப்பினதும் தேதி. இன்னொன்று மாகாண சபையின் பேரவைச் செயலகத்துக்கு: சபைக்கு வந்த நியதிச்சட்ட வரைவுகள், ஆளுநருக்கு அனுப்பின தேதி, திரும்பின தேதி. "எல்லா விபரமும் தருக" என்று எழுதினால் திருப்பிவிடுவார்கள், அதனால் கேள்வியை இப்படி ஒடுக்கியிருக்கிறேன். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. உன் கட்டுரை கொடுக்கிற கடைசித் தேதியை உடனே எழுது, அதற்கேற்ப நான் இந்தக் கிழமையே கைதடிக்குப் போவதா, பதிவுத்தபாலில் போடுவதா என்று பார்க்கலாம்.

அன்புடன்
அம்மா